கறுப்புத் திரையில் ஒரு வீடு

சுவரிலிருந்து ஒரு கேபிளைப் பிடுங்குவதற்கும் ஒருவரைத் தலைமயிரில் பிடித்து இழுப்பதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்பதை நான் அக்காவின் கையில்தான் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு கப்பல் முகவர் கந்தோர். கப்பல் வெளியில் நங்கூரம் போட்டு நிற்கிறது, அதற்கான பத்திரங்களை உடனே அனுப்ப வேண்டும், இன்டர்நெட்டோ அசையமாட்டேன் என்கிறது. மனேஜர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மூலையில் இருந்த ஒரு பெண், பிறகு நான் அக்கா என்று கூப்பிடத் தொடங்கியவர், அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கறுப்புத் திரையில் எதையோ தட்டினார். வெள்ளை எழுத்தில் வரிகள் ஓடத் தொடங்கின. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழும்பி நேராகக் கணக்குப் பகுதிக்குப் போய், சினிமாப் படம் இறக்கிக்கொண்டிருந்த ஒருவரின் மேசைக்குக் கீழே குனிந்து, கேபிளை ஒரே இழுவையில் பிடுங்கினார். சுவரில் பூட்டியிருந்த பிளாஸ்டிக் பெட்டியும் சுண்ணாம்புத் துண்டோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. அந்த மனிதர் தனக்கு அடி விழப்போகிறது என்று நினைத்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

“உங்களுக்கு நான் ஒண்டும் செய்யேல்லை,” என்றார் அக்கா. “லைனைத்தான் கழட்டினனான்.”

எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. நானும் கோபக்காரிதான். கிண்ணியாவிலிருந்து காலை பஸ்ஸில் நெரிபட்டு, யாராவது ஒருவனின் முழங்கையை விலாவில் வாங்கிக்கொண்டு, பாலம் தாண்டி வந்து இறங்குகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து மிஞ்சும்? அன்றே போய் அவருக்குப் பக்கத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

கந்தோரின் கொம்பியூட்டர்கள், கமராக்கள், வாசல் கதவின் கைரேகைப் பெட்டி எல்லாம் அக்காவின் பொறுப்பு. இந்த வேலை செய்கிறவர்கள் பலர் வண்ண வண்ண வரைபடங்களைத் திறந்து வைத்திருப்பார்கள். அக்காவுக்கு அந்த அலங்காரம் ஆகாது. அவருக்குக் கறுப்புத் திரை, ஒரு வரிக் கட்டளை, அதற்குப் பதிலாக ஓடும் வரிகள் போதும். எந்தக் கருவி எந்த இடத்தோடு பேசுகிறது, எவ்வளவு அனுப்புகிறது, எவ்வளவு வாங்குகிறது என்பதை ஒவ்வொரு வரியும் சொல்லும். நான் பார்த்தால் தலை சுற்றும். அவர் மீன் சந்தையில் மீனைப் பார்ப்பதுபோல் அலட்சியமாகப் பார்ப்பார். ஆனால் ஒன்றும் தப்பாது.

“அவங்க என்ன கதைக்கிறாங்க எண்டும் இதில தெரியுமா அக்கா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கேற்றில நிக்கிற செக்குரிட்டி கொண்டெய்னரைத் திறந்தா பாக்கிறான்? லொறி எங்கயிருந்து வருது, எங்க போகுது, எவ்வளவு பாரம். அது காணும். உள்ளுக்குள்ள என்ன இருக்கெண்டு பாக்க வெளிக்கிட்டால் விசர்தான் பிடிக்கும்.”

மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டு அறையில் இரண்டு பேரைக் கண்ணால் காட்டுவார். “அவை ரெண்டு பேருக்கும் கோவம். போன கிழமை முழுக்க ஓயாத கதை, இந்தக் கிழமை ஒண்டையும் காணேல்லை.” எதற்காகக் கோபம் என்று கேட்டால் தோளைக் குலுக்குவார். எனக்கானால் அந்தக் காரணம் தெரியாமல் சோறு இறங்காது. “நீங்க கலியாணத் தரகராப் போயிருக்கலாம் அக்கா, எந்த வீடு எந்த வீட்டோட கதைக்குது எண்டு உக்காந்த இடத்திலேயே சொல்லிருப்பீங்க,” என்று சீண்டினேன். சிரித்தார். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்தார். மறைப்பதற்குள் முன்பல் பாதியாக இருந்ததைப் பார்த்துவிட்டேன்.

கந்தோர்களில் ஒரு மரியாதை உண்டு. அடிபட்ட பெண்ணிடம், “வழுக்கி விழுந்திட்டீங்களா?” என்று கேட்பார்கள். அவளும் ஓம் என்பாள். எல்லாரும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். அக்கா அந்த மரியாதைக்கு ஒத்துழைக்கவில்லை.

“இல்லை,” என்றார் நான் கேட்டபோது, நாலு மேசைக்குக் கேட்கும்படியாக. “அவர் அடிச்சவர். குழாய்க்கட்டில முகத்தைப் பிடிச்சு இடிச்சவர்.”

அறை முழுக்கத் தலைகள் கீபோர்டுகளுக்குள் புதைந்தன. அடித்தவனைவிட அடிபட்டதைச் சொன்னவர்மேல்தான் அவர்களுக்குச் சங்கடம். அக்கா எதையும் குறைத்துச் சொல்லமாட்டார், கூட்டியும் சொல்லமாட்டார். “இண்டைக்கு இந்தப் பக்கம் வந்து கதை. அந்தக் காது கேக்குதில்லை.” “இந்தச் சின்னவிரல் இனி நிமிராதாம். டொக்டர் சொன்னவர்.” லைனில் எங்கே பழுது என்று சொல்வதுபோலத்தான் அதையும் சொல்வார்.

அவருடைய கணவன் கொண்டெய்னர் லொறி ஓட்டுகிறவன். நான் அவனை முதலில் கண்டது பஸ் நிலையத்துக்கு அருகில், நல்ல வெயில் நேரம். ஒரு முச்சக்கரவண்டி அவனுடைய மோட்டார்சைக்கிள் கண்ணாடியை உரசிவிட்டது. அவன் இறங்கி, வண்டிக்காரனின் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்து, அந்த மனிதனின் நெற்றியை அவனுடைய வண்டிக் கம்பியிலேயே இடித்தான். நிறுத்தி மூச்சு வாங்கினான். திரும்பவும் இடித்தான். இரத்தம் பட்ட கையை அடிபட்டவனின் சேட்டிலேயே துடைத்தான். சனம் சுற்றி நின்றது. குப்பைத்தொட்டியடியில் வாழைப்பழத்தோல் தின்றுகொண்டிருந்த, ஊருக்குள் திரியும் மான்கள்கூட விலகவில்லை, அவ்வளவு அமைதியாக அதைச் செய்தான். அது யார் என்று பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அக்காவிடம் சண்டைக்கே போனேன். “அவன விட்டுட்டு ஏன் அக்கா வரல்ல? எங்கட வீட்டுக்கு வாங்க. உம்மா ஒண்டும் சொல்லமாட்டா. புள்ளையையும் கூட்டிட்டு வாங்க.”

“அது அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. நான் ஏன் போகோணும்? போறதெண்டால் அவர் போகட்டும்.”

“அவன் போவானா?”

“வழக்குப் போட்டிருக்கிறன். உத்தரவு வந்தால் போகத்தானே வேணும். அதுவரைக்கும் நானும் பிள்ளையும் உயிரோட இருக்கோணும். வேற ஒண்டும் வேண்டாம்.”

அதற்கு முன்பே இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடியிருக்கிறார்கள். அக்கா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “பிள்ளைக்காகப் பொறுத்துப் போங்கோ” என்று அவருக்கே சொல்லிவிட்டு எழும்பிப் போயிருக்கிறார்கள். அந்தத் தேத்தண்ணி அவர்களுக்குச் செமித்திருக்கக் கூடாது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அக்காவின் திரையில் வலது மூலையில் இன்னொரு சின்னக் கறுப்புச் சாளரம் எப்போதும் திறந்திருக்கும். கந்தோரின் வரிகள் பெரிய சாளரத்தில் ஓடும், இதில் மூன்று வரிகள் மட்டும் மெதுவாக மாறிக்கொண்டிருக்கும். என்ன அது என்று கேட்டேன்.

“வீடு,” என்றார்.

வீட்டு ரவுட்டருக்குள் கந்தோரிலிருந்தே நுழைந்து பார்க்க வழி செய்து வைத்திருந்தார். முதல் வரி கணவனின் போன். இரண்டாவது டிவி. மூன்றாவது, பத்து வயது மகள் கார்ட்டூன் பார்க்கும் டெப்லெட், சுருக்கமாக டெப். போன் வரி தோன்றினால் அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். டிவி ஓடினால் பயமில்லை, கிரிக்கெட் பார்க்கிறான். போனும் டிவியும் ஒன்றாக அடங்கினால் அக்கா நகத்தைக் கடிக்கத் தொடங்குவார். “குடிச்சிட்டுப் படுத்திருப்பார், இல்லாட்டி எழும்பி வாறார். சத்தம் இல்லாத நேரம்தான் பொல்லாத நேரம்.”

மகளோடும் ஓர் ஏற்பாடு இருந்தது. அப்பா பொருட்களை உடைக்கத் தொடங்கினால் பிள்ளை போன் எடுக்கப் போகக்கூடாது. ஒருமுறை எடுத்ததற்குப் போனைப் பிடுங்கி அதனாலேயே பிள்ளையின் வாயில் அடித்திருக்கிறான். ஆகவே டெப்பில் ஒரு கார்ட்டூனைப் போட்டுவிட்டு மூலையில் இருக்க வேண்டும். படம் ஓடினால் மூன்றாவது வரியின் எண் ஏறும். இங்கே அக்கா பக்கத்து வீட்டு அன்ரிக்குப் போன் போடுவார். அன்ரி, தேங்காய் துருவும் துருவலையை இரவல் கேட்கிற சாக்கில், போய்க் கேற்றைப் போட்டு உடைப்பதுபோல் தட்டுவார்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் அது நடந்தது. மத்தியானம் தாண்டிய நேரம். மூன்றாவது வரி திடீரென்று துள்ளியது. அக்காவின் முகம் சாம்பலாகிவிட்டது, ஆனால் குரல் மாறவில்லை. “அன்ரி, துருவலையைக் கேளுங்கோ,” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். பிறகு மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரிகளையே பார்த்திருந்தார். அன்ரி திரும்ப எடுத்தபோது பின்னணியில் பிள்ளை விக்கி விக்கி அழுவது எனக்கே கேட்டது. கொதிநீர்க் கேத்தலைப் பிள்ளைக்கு நேரே வீசியிருக்கிறான். சுவரில் பட்டுத் தெறித்த தண்ணீர் காலில் பட்டுவிட்டது. அன்ரியைக் கண்டதும் அவனே குசினிக்குள் போய்த் துருவலையை எடுத்துக் கொடுத்து, “வேற என்ன வேணும் அன்ரி?” என்று கேட்டானாம். வெளியாட்களிடம் அவ்வளவு பணிவு அந்த நாய்க்கு.

அக்காவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்த மூன்று வரிகள்தான். அதைக் கெடுத்தது மனேஜரின் நல்ல மனசு. அவர் ஒருநாள் அந்தச் சின்னச் சாளரத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டிருக்கிறார். அக்கா தன் வழக்கப்படி, “வீடு. அவர் வந்திட்டாரா எண்டு பாக்கிறனான்,” என்றிருக்கிறார். அடிவாங்கிய முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே அந்த மனிதர் அதைப் புருஷன்மேல் உள்ள பாசம் என்று விளங்கிக்கொண்டார். துறைமுக வாசலில் லொறியோடு நின்ற அவனிடம் முதுகில் தட்டிச் சொல்லிவிட்டார்: “தம்பி, உம்மட மனுசி கெட்டிக்காரி. கந்தோரில இருந்தபடியே நீர் வீட்டை வந்திட்டீரா எண்டு உம்மட போனைப் பாத்துச் சொல்லுவா. இப்பிடி ஒரு மனுசி ஆருக்குக் கிடைக்கும்?” இதைச் சொன்னதாக எங்களிடமும் பெருமையடித்தார், ஆனால் எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

அந்த நாள் பள்ளிக்கூட விடுமுறை. காலையில் மழை பெய்து விட்டிருந்தது. சின்னச் சாளரத்தில் போன் வரி நின்றது, ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. டெப் வரி இல்லை, பிள்ளை நித்திரையாக இருக்கும் என்றார் அக்கா. கணவன் வீடியோவில் மூழ்கிவிட்டால் மணிக்கணக்கில் எழும்பமாட்டான் என்பதால் அவருக்கு உற்சாகம். சாப்பாட்டுப் பார்சலை மேசையிலேயே பிரித்தார். என் உம்மா கொடுத்துவிட்ட இறால் பொரியலையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வழக்கு அடுத்த தவணையோடு முடிந்துவிடும் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். அக்கா வாயை மறைக்காமல் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்னச் சாளரம் உறைந்துபோனது. வீட்டு லைன் விழுந்துவிட்டது. அக்காவின் கை சோற்றிலேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் லைன் திரும்பியது, போன் வரியும் ஒட்டிக்கொண்டது.

“மழை பெய்ததெல்லே, கரண்ட் போய் வருது,” என்றார்.

திரும்ப விழுந்தது. திரும்ப வந்தது. மூன்றாந்தரமும் அப்படியே. ஒவ்வொரு முறை வரும்போதும் அவனுடைய போன் வரி முதலில் ஏறியது. அதைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்கு நிம்மதி கூடியது. “பார், அவர் வீட்டிலதான் நிக்கிறார். எழும்பி வெளிக்கிட்டிருந்தால் போனும் போயிருக்கும்,” என்று சொல்லி ஓர் இறாலை வாயில் போட்டார்.

அந்த இறாலை அவர் விழுங்கவில்லை. ஹெல்மெட் பின்பக்கமிருந்து தலையில் இறங்கியது. நான் முதலில் கேட்டது சத்தத்தைத்தான், தேங்காயைக் கல்லில் அடித்ததுபோல. திரும்பும்போது இரண்டாவது அடி விழுந்துகொண்டிருந்தது. செக்குரிட்டிக்கு அவன் பழக்கமான லொறிக்காரன், ஏன் வருகிறாய் என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அக்காவின் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்து, முகத்தைத் திரைக்கு நேரே நிமிர்த்தினான்.

“இப்ப பாரடி. நான் எங்க நிக்கிறன் எண்டு இப்ப பாத்துச் சொல்லு.”

திரையில் அவன் வீட்டில் நின்றான். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவன் அக்காவின் முகத்தை அந்தத் திரையிலேயே மோதினான். கண்ணாடி வெடித்தது. நிறுத்தவில்லை. மேசை விளிம்பில் தாடையை வைத்து ஹெல்மெட்டால் அடித்தான். எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. கந்தோரில் பதினைந்து ஆண்களாவது இருந்திருப்பார்கள். மனேஜர் தன் அறைக்கதவுக்குள் பாதி உடம்பை வைத்துக்கொண்டு, “வெளியில கொண்டுபோய்க் கதையுங்கோ, வெளியில கொண்டுபோய்க் கதையுங்கோ,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மேசையில் கடதாசிக்கு ஓட்டை போடும் பெரிய இரும்புக் கருவி ஒன்று இருந்தது. அதை எடுத்து அவனுடைய காதடியில் என்னால் ஏலுமான மட்டும் ஓங்கி அடித்தேன். விழவில்லை, தள்ளாடினான். திரும்பி என் வயிற்றில் உதைத்தான். நான் விழுந்த இடத்திலிருந்தே அவனுடைய முழங்காலில் அடித்தேன். அது உடைந்தது. அதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சத்தம் கேட்டுக் கீழே நின்ற லொறிக்காரர்கள் ஓடிவந்து அவன்மேல் ஏறி அமர்ந்தார்கள்.

அக்கா தரையில் தன் இரத்தத்தில் கையூன்றி எழும்பப் பார்த்தார். ஒரு கண் இருந்த இடமே தெரியவில்லை. மற்றக் கண்ணால் அவனைப் பார்க்கவில்லை, உடைந்த திரையைத்தான் பார்த்தார். வாயிலிருந்து சொல் வரவில்லை. ஆனால் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அன்ரிக்குப் போன் போட்டேன். அவர் சந்தையிலிருந்து அப்போதுதான் வந்திறங்கியிருந்தார். வீடு வெளியால் பூட்டிக் கிடக்கிறது என்றார். “உடைங்க,” என்று கத்தினேன். அலவாங்குக் கம்பியால் பூட்டை உடைக்கும் ஒவ்வோர் அடியையும் போனுக்குள்ளால் கேட்டேன். பிறகு அன்ரியின் குரல் வந்தது. “பிள்ளை இருக்கிறா. சுகமா இருக்கிறா. சுவரோட ஒட்டிக்கொண்டு நிக்கிறா.” அதை அக்காவின் நல்ல காதுக்குள் குனிந்து சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் மயங்கினார்.

அவன் இப்போது மறியலில், சிறைக்குள் இருக்கிறான். அக்கா பிழைத்தார். ஒரு கண் போய்விட்டது. தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், பல்லிடுக்கால் ஒன்றிரண்டு சொல் மட்டும் பேசலாம். சில நாள் கழித்து, காலையில் பார்க்க விடும் நேரத்தில், அன்ரி மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். கட்டுகளைக் கண்டு பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டாள். நான்தான் கையைப் பிடித்துக் கட்டிலடிக்குக் கொண்டுவந்தேன். மனப்பாடம் செய்ததுபோல் சொன்னாள்:

“அம்மா, அப்பா தன்ர போனில படத்தைப் போட்டு, அதையும் என்ர டெப்பையும் அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினவர். கத்தினால் உங்களைக் கொல்லுவன் எண்டவர். அதுதான் நான் கத்தேல்லை. ரவுட்டர்ட பிளக்கைத்தான் கழட்டிக் கழட்டிக் கொழுவினனான். லைன் போய்ப் போய் வந்தால் உங்களுக்கு விளங்கும் எண்டு நினைச்சனான்.”

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“நீங்கள் பாக்கேல்லையாம்மா?”

“அம்மா அப்ப சாப்பிடப் போயிருந்தாங்க புள்ள,” என்று நான் முந்திக்கொண்டேன். “கொம்பியூட்டருக்கு முன்னால ஆருமே இருக்கல்ல.”

அக்கா என் கையைத் தட்டிவிட்டார். அடிபட்டதை ஒருநாளும் மறைக்காத மனுசி.

“பாத்தனான்,” என்றார் பல்லிடுக்கால்.

“பாத்தனீங்களா? அப்ப ஏனம்மா ஓடேல்லை?”

அக்கா கம்பி கட்டிய வாயோடு அதைச் சொல்லி முடிக்க நெடுநேரம் எடுத்தது. “கரண்ட் எண்டு நினைச்சிட்டன் பிள்ளை. நீ எண்டு நினைக்கேல்லை.”

பிள்ளை தாயின் முகத்தில் கைவைக்க இடம் தேடினாள். கட்டு இல்லாத இடம் எதுவும் இருக்கவில்லை. கடைசியில் போர்வைக்கு மேலால் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.